களிம்பும் துருவும்

செம்பில் களிம்பு எப்போது ஏறியது? சைவ சித்தாந்தம் படிக்க உட்காருகிறவர் சீக்கிரமே இந்தக் கேள்வியில் வந்து முட்டிக்கொள்வார். உயிரை மறைக்கும் அழுக்கான ஆணவ மலம் அதைப் பற்றியது எந்த நாளில்? அப்படி ஒரு நாளே கிடையாது என்கின்றன நூல்கள். உயிர் உள்ள அன்றே மலமும் உண்டு. செம்பு உள்ள அன்றே களிம்பும், நெல் உள்ள அன்றே உமியும் இருப்பதுபோல. இடையில் வந்து ஒட்டிய அழுக்கு என்று வைத்துக்கொண்டால், யார் ஒட்டவைத்தது, எதற்காக என்று கேட்க வேண்டிவரும். தூய்மையாக இருந்த உயிரையே ஒருமுறை பற்றிய அழுக்கு, முத்தி பெற்ற பிறகு மறுபடி வந்து பற்றாது என்பதற்கு என்ன உறுதி என்றும் கேட்க வேண்டிவரும். ஆகவே மலம் அநாதி. மெய்கண்ட சாத்திரங்கள் 14க்கும் இதுதான் அடித்தளம்.

அடுத்த கேள்வி இதைவிடக் கடினம். அந்த மலம் அழியுமா? அழியாது என்பதே சித்தாந்தத்தின் விடை. மலம் ஒரு பொருள். உள்ளது இல்லாமல் போவதில்லை. அதன் சக்திதான் கெடுகிறது. முத்தியிலும் மலம் இருக்கும், ஆனால் உயிரை மறைக்கிற வலு அதற்கு இருக்காது. எங்கள் ஊர்ச் சித்தாந்த வகுப்பில் இதைக் கேட்டதும் பலருக்கு முகம் வாடிவிட்டது. "போகவே போகாதுன்னா அப்புறம் எதுக்கய்யா இத்தனை பாடு?" என்று ஓர் அம்மா எழுந்து நின்றே கேட்டார். நியாயமான கேள்வி. நடத்திய ஐயா நூலில் உள்ள உவமைகளைச் சொன்னார். மந்திரத்துக்குக் கட்டுண்ட விடம் உடம்பிலேயே இருந்தும் கொல்லாது என்றார். அம்மாவுக்கு மனம் ஆறவில்லை.

அந்த விடையை நான் முழுமனதாக நம்புகிறேன். என்னை நம்பவைத்தது ஒரு பழைய புல்லட்.

நான் பம்ப்செட் மெக்கானிக். ஊர் வேதாரண்யம். 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்துவந்து உப்பு அள்ளிய கரை இது. தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்தபடியாக உப்பு விளைவது இங்கேதான். காற்றில் உப்பு, மண்ணில் உப்பு, கிணற்றுத் தண்ணீரில் உப்பு. ஜன்னல் கம்பி வீங்கிப் பாளம் பாளமாக உரிவதை இங்கே பிறந்த குழந்தைகூடப் பார்த்திருக்கும். அப்படிப்பட்ட ஊரில் என் தாய்மாமா அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் கணக்கு பார்த்தவர். 70களில் வாங்கிய புல்லட் ஒன்று அவரிடம் இருந்தது. 346 சி.சி., சிலிண்டரின் உள்விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மி.மீ. இங்கிலாந்தின் ரெட்டிச்சில் பிறந்து, 1955 ஒப்பந்தத்துக்குப் பின் திருவொற்றியூரில் வளர்ந்த வடிவம். போல்ட்டுகளில் பெரும்பாலானவை பழைய இங்கிலீஷ் அளவு. இன்றைய மில்லிமீட்டர் ஸ்பேனர் அவற்றில் கச்சிதமாக உட்காராது. கிடைத்த ஸ்பேனரை மாட்டித் திருகினால் நட்டின் முனை மழுங்கி ரவுண்டு அடித்துவிடும்.

மாமா போன பிறகு வண்டி சார்ப்பில் சாக்கு போர்த்தி நின்றது. 2018 நவம்பர் 16 விடிவதற்குள் கஜா புயல் சார்ப்பின் தகரத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. ஊரில் கூரை போகாத வீடு எது? மனிதர்களுக்கே தார்ப்பாய் கிடைக்காத நேரத்தில் வண்டியை யார் பார்ப்பது? உப்புக் காற்றிலும் மழையிலும் அது வெட்டவெளியில் நின்றது. பழைய இரும்புக்காரர் இரண்டு பேர் வந்து விலை பேசிவிட்டுப் போன பிறகு அத்தை என்னைக் கூப்பிட்டார். "ஓடாட்டி போவுதுப்பா. சக்கரமாவது சுத்தணும். மாமா வண்டி கல்லு மாதிரி நிக்கிறத என்னால பாக்க முடியல" என்றார்.

வண்டியைப் பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: நல்ல வண்டி, துரு தின்னுடுச்சு. வண்டி முதலில் பளபளப்பாக இருந்தது, துரு பிறகு வந்தது என்பது அவர்கள் கணக்கு. இரும்பின் பிறப்பிலிருந்து பார்த்தால் கதை தலைகீழ். சேலத்துக்குப் பக்கத்தில் கஞ்சமலையில் கிடைக்கிற இரும்புக்கல், இரும்பும் ஆக்சிஜனும் ஒன்றாகப் பிணைந்த கல். தோண்டியெடுக்கப்படுகிற இரும்பில் பெரும்பகுதி இப்படி ஆக்சிஜனோடு கட்டுண்டேதான் மண்ணிலிருந்து வருகிறது. 1830களில் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் உலை வைத்தபோதும், சேலம் பகுதிக் கல்லைக் கொண்டுவந்து மரக்கரியில் இட்டுத்தான் இரும்பு எடுத்தார். உலையில் கரி அந்த ஆக்சிஜனைப் பற்றிக்கொண்டு புகையாகப் போகிறது. மிஞ்சுவதுதான் நாம் இரும்பு என்று தட்டிப் பார்க்கிற பொருள். சும்மா விட்டால் அது காற்றையும் ஈரத்தையும் சேர்த்துக்கொண்டு பழைய நிலைக்கே போய்ச் சேரும். துரு என்பது இரும்பு தன் பழைய உறவைத் தேடிப் போவது. உப்பு அந்தப் பயணத்தை விரைவாக்குகிறது, அவ்வளவுதான். செம்புக்கும் இதே கதை உண்டு. மாலகைட் என்ற பச்சை நிறக் கனிமத்திலிருந்து செம்பு எடுக்கிறார்கள். காற்றிலும் ஈரத்திலும் கிடந்த செம்பின் மேல் படர்கிற பச்சையிலும் அந்த இனம் உண்டு.

ஷோரூமிலிருந்து வண்டி வந்த நாளை ஆதி என்று வைத்துக்கொண்டால் துரு இடையில் வந்த அழுக்கு. மண்ணில் கிடந்த கல்லை நினைத்தால் கட்டுதான் முதலில், விடுதலை பிறகு. சித்தாந்திகள் களிம்பு உவமையை எடுத்தபோது வேதியியல் படித்திருக்கவில்லை. ஆனாலும் தூய்மையான உயிர் ஒன்று வழிதவறி அழுக்கில் விழுந்தது என்ற கதையை அவர்கள் ஏற்கவில்லை. கட்டிலிருந்துதான் உயிர் புறப்படுகிறது என்றார்கள். என்னளவில் இது பெரிய ஆறுதல். நான் இழந்துவிட்ட தூய்மை என்று ஒன்று இல்லை. அடைய வேண்டியது மட்டுமே இருக்கிறது.

அந்த 14 சாத்திரங்களில் ஒன்றான, உமாபதி சிவத்தின் திருவருட்பயனில் 10 அதிகாரங்கள், 100 குறள்கள். மூன்றாம் அதிகாரம் இருண்மல நிலை. வெளியிருளுக்கும் ஆணவ இருளுக்கும் உள்ள வேறுபாட்டை அங்கே ஒரு குறளில் வைத்திருக்கிறார். புற இருள் மற்றப் பொருள்களை மறைக்கும், ஆனால் தான் இருப்பதைக் காட்டும். ஆணவமோ பொருள்களையும் மறைத்துத் தன்னையும் மறைத்துக்கொள்ளும் என்பது அதன் கருத்து. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மரைக்குள் இருக்கிற துருதான் நினைவுக்கு வரும். பெட்ரோல் டாங்கில் மடலாக உரிகிற துருவுக்கு யாரும் பயப்பட வேண்டாம், அது கண்ணுக்குத் தெரிகிறது. நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவில், மயிரிழை இடைவெளியில் இருக்கிற துருதான் வில்லங்கம். இரும்பு துருவாகும்போது இடத்தை அடைத்துக்கொண்டு இரண்டு மடங்குக்கு மேல் பெருக்கிறது. மரைக்குள் பெருக்க இடமில்லை. ஆகவே இரண்டு பக்கத்தையும் நெருக்கிப் பிடித்துக்கொள்கிறது. வெளியே குரோமியப் பூச்சு மினுமினுக்கும், தலை நல்ல தலையாக இருக்கும், ஸ்பேனர் போட்டால்தான் தெரியும் அது அசையாது என்று. அலுமினிய ஹெட்டுக்குள் எஃகு ஸ்டட் போகிற இடத்தில் இன்னும் மோசம். இரண்டு உலோகம் உரசி நிற்க, நடுவில் உப்புத் தண்ணீர் நின்றால், அலுமினியம் வெள்ளைப் பொடியாகக் கரைந்து ஸ்டட்டைச் சுற்றி இறுகிவிடும். சிமெண்ட் போட்டுப் பூசியதுபோல் இருக்கும்.

இங்கேதான் அவசரக்காரர்கள் குழாயைத் தேடுவார்கள். ஸ்பேனர் பிடியில் நீளமான பைப்பைச் செருகி அதன் மேல் ஏறி மிதிப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். சில நேரம் பலிக்கும். பலிக்காதபோது என்ன ஆகும் என்பதைக் கை முன்னாலேயே சொல்லிவிடும். நட்டு நியாயமாக விடும்போது "டிக்" என்று ஒரு சத்தம் கேட்கும், கையில் ஓர் அதிர்வு வரும். போல்ட் முறியப் போகிறபோது சத்தம் வராது; ஸ்பேனர் இதமாக, வழுக்கிக்கொண்டு போவதுபோல் திரும்பும். அப்பாடா, வந்துவிட்டது என்று தோன்றும். உண்மையில் மரை அங்கேயே நிற்க, போல்ட்டின் உடம்பு முறுக்கிக்கொண்டிருக்கிறது. அந்த இதத்தை உணர்ந்த நொடியில் கையை எடுத்துவிட வேண்டும். மாமாவின் வண்டியில் ஒரு ஸ்டட்டை முன்பே யாரோ இப்படி மிதித்து முறித்து, மட்டத்தோடு மட்டமாக விட்டிருந்தார்கள். திருத்துறைப்பூண்டியில் லேத் பட்டறை வைத்திருக்கும் பாய் அந்த முறிந்த முனையின் மேல் பொட்டுப் பொட்டாக வெல்டிங் ஏற்றி, அதில் ஒரு நட்டை ஒட்டவைத்து, சூடு அடங்கும்வரை காத்திருந்து, பிறகு ஸ்பேனர் போட்டார். "பலம் வேணாம் தம்பி, சூடும் பொறுமையும் போதும்" என்றார். வெல்டிங் சூட்டிலேயே உள்ளே இருந்த பிடி பாதி விட்டிருந்தது.

ஆணவத்தை அடித்து நொறுக்கு, அகங்காரத்தை வேரோடு பிடுங்கு என்று மேடையில் முழங்குகிறவர்கள் உண்டு. அவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் பேசுகிறார்கள். ஆனால் தன்னை நொறுக்கிக்கொள்ளக் கிளம்பியவர்களை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். கடும் விரதம், கடும் மௌனம், வீட்டில் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது, சாப்பாட்டில் உப்புக் கூடாது. கொஞ்ச நாளில் அந்த இதம் வரும்: எல்லாம் கைகூடிவிட்டது, நான் வென்றுவிட்டேன் என்று. அங்கே ஆணவம் ஒரு மரைகூடக் கழன்றிருக்காது; முறுக்கிக்கொண்டிருப்பது மனிதர். பிறகு ஒருநாள் முறிவார். கூட இருந்த மனைவி மக்களும் சேர்ந்து முறிவார்கள்.

சித்தாந்தம் வேறொரு வழியைச் சொல்கிறது. அதன் பெயர் மலபரிபாகம். மலம் பக்குவப்பட வேண்டும். காய் கனிந்து காம்பிலிருந்து தானாக விடுவதற்கு ஆயத்தமாவதுபோல அதன் பிடி தளர வேண்டும். அந்த நிலை வந்தபோதுதான் சத்திநிபாதம், அருள் பதிதல். பக்குவம் என்றால் சும்மா காத்திருப்பது என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். இறுகிய பிஸ்டனை விடுவித்துப் பார்த்தவர் அப்படி எண்ணமாட்டார்.

புல்லட்டின் சிலிண்டர் வார்ப்பிரும்பு, பிஸ்டன் அலுமினியம், அதைச் சுற்றியுள்ள ரிங் இரும்பு. நீண்ட காலம் நின்றால் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். கிக்கரை மிதித்தால் கல்லை மிதித்ததுபோல் இருக்கும். மேலும் மிதித்தால் கிக்கர் பல்சக்கரம்தான் உடையும். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டீசலும் கியர் எண்ணெயும் கலந்து சிலிண்டர் நிறைய ஊற்ற வேண்டும். பிறகு தென்னை ஈர்க்குச்சி ஒன்றை விட்டு எண்ணெய் மட்டத்தைப் பார்த்து, குச்சியில் நகத்தால் கீறி வைக்க வேண்டும். மறுநாள் மட்டம் அப்படியே இருக்கும். அதற்கு மறுநாளும் அப்படியே இருக்கும். வண்டியில் எதுவும் நடக்காததுபோல் இருக்கும். பிறகு ஒரு காலையில் குச்சியில் ஈரம் கீறலுக்குக் கீழே நிற்கும். நெல்மணி அளவு இறக்கம். அவ்வளவு போதும். எண்ணெய் ரிங்கைச் சுற்றி வழி கண்டுபிடித்துவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் வண்டி நேற்றுப் போலவே அசையாமல் நிற்கிறது. உள்ளே அது நேற்றைய வண்டி அல்ல. இனி டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல ஆட்டலாம்.

சென்டர் ஸ்டாண்டு போல்ட்டுக்கு எண்ணெய் மட்டும் போதவில்லை. தெருவின் சேறும் தண்ணீரும் நேராக அடிக்கிற இடம் அது. டாங்கை இறக்கித் தூர வைத்துவிட்டு, கேஸ் வெல்டிங் சுடரை நட்டின் மேல் காட்டினேன், போல்ட்டில் படாமல். நட்டு முதலில் புகைந்தது, பிறகு நீலம் ஓடியது, பிறகு மங்கலான சிவப்பு. சூட்டில் நட்டு விரியும். உள்ளே போல்ட் அவ்வளவு சூடாகாததால் அவ்வளவு விரியாது. இடையில் நெரிபட்டிருந்த துரு விண்டு போகும். சுடரை எடுத்து, சூடு முழுதும் ஆறுமுன் மரையின் ஓரத்தில் மெழுகுத் துண்டைத் தொட்டால் அந்த வெடிப்புகளுக்குள் மெழுகு உருகித் தானே இழுபட்டுப் போகும். பிறகு எண்ணெய். மறுபடி சூடு, மறுபடி ஆறுதல். ஒரு கட்டத்தில் மரை ஓரத்தில் செம்மண் கரைத்ததுபோல் ஒரு கசிவு வந்தது. துருப்பொடி எண்ணெயோடு கரைந்து வெளியே வருகிறது. அந்த நிறத்தைப் பார்த்த பிறகுதான் ஸ்பேனரைத் தொட்டேன்.

தொட்டதும் கழற்றவில்லை. முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை திருப்ப வேண்டும். தொழில் தெரியாதவருக்கு இது வினோதமாகத் தோன்றும். விடுவிக்க வந்தவன் ஏன் இறுக்குகிறான்? துருவின் ஒட்டு அந்தச் சிறு அசைவில் உடைபடும் என்பதால். பிறகு கழற்றும் பக்கம் கால் சுற்று. உடனே திரும்ப அரைக்கால் சுற்று உள்ளே. எண்ணெய். மறுபடி வெளியே கால் சுற்று. ஒரே மூச்சில் கழற்றினால் உதிர்ந்த துருப்பொடி மரைக்குள் அடைந்து, பாதி வழியில் முன்னைவிட மோசமாகப் பிடித்துக்கொள்ளும். போவதும் வருவதுமாகத்தான் அது வெளியேறும்.

இறைவனின் ஐந்தொழிலில் மறைத்தல் என்று ஒன்று உண்டு. படைத்தல், காத்தல், அழித்தல், அருளல் நான்கிலும் யாருக்கும் சிக்கல் இல்லை. கருணையே வடிவான இறைவன் ஏன் மறைக்க வேண்டும்? அந்த மறைக்கும் ஆற்றலைத் திரோதான சக்தி என்கிறார்கள். அது மலத்தோடு சேர்ந்து நின்று, உயிரை உலக அனுபவத்தில் செலுத்துகிறது. அதனால் அதையே ஒரு மலம் என்றும் உபசாரமாகச் சொல்வதுண்டு. ஆனால் நோக்கம் மலத்தைப் பக்குவப்படுத்துவது, ஆகவே மறைத்தலும் அருளே என்பது சித்தாந்தம். வெகுகாலம் இது எனக்கு வெறும் சமாதானமாகத்தான் தோன்றியது. தளர்த்துவதற்காக இறுக்குகிற அந்த மயிரிழைத் திருப்பத்தைப் பல நூறு நட்டுகளில் செய்த கை, இதைச் சமாதானம் என்று ஒதுக்காது. பிறவியும் அப்படியே. பிறப்பும் இறப்பும், ஏற்றமும் இறக்கமும் உயிருக்குத் தண்டனையாகக் கொடுக்கப்படவில்லை. போகவும் வரவுமாக அந்த மரையைக் கழற்றும் வேலை அது. இன்பத்தில் ஒரு கால் சுற்று, துன்பத்தில் ஓர் அரைக்கால். இரண்டையும் ஒன்றுபோல் பார்க்கிற மனம் வந்தால் அதை இருவினையொப்பு என்று நூல் சொல்கிறது. எண்ணெய் வழி கண்டுபிடித்ததற்கு அதுதான் அடையாளம்.

எங்கள் ஊர்க் கோயில் கதையைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. மறைக்காடு எனப்பட்ட எங்கள் ஊரில் வேதங்கள் வழிபட்டுத் திருக்காப்பிட்ட கதவு நெடுங்காலம் மூடியே கிடந்தது. மக்கள் பக்கத்தில் வேறொரு வாசல் வழியாகப் போய் வந்தார்கள். அப்பர் எனப்படும் திருநாவுக்கரசரும் திருஞானசம்பந்தரும் வந்தபோது, சம்பந்தர் கேட்டுக்கொள்ள, அப்பர் கதவு திறக்கப் பாடினார். பாடப் பாடத் திறக்கவில்லை. பதிகத்தின் முடிவில்தான் திறந்தது. பிறகு மூடுவதற்குச் சம்பந்தர் பாடினார். முதல் பாட்டிலேயே மூடிக்கொண்டது. அன்றிரவு அப்பர், தமக்குத் திறந்த அருமையையும் அவருக்கு அடைத்த எளிமையையும் எண்ணி வருந்தினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. அப்பர் பாட்டைக் கேட்டு இன்புறவே இறைவன் தாழ்த்தான் என்று பலர் விளக்கம் சொல்வார்கள். இருவரில் யார் பெரியவர் என்று வாதம் செய்கிறவர்களும் உண்டு. அந்த வாதம் வேண்டாதது. நன்றாக ஓடுகிற கதவை மூட ஒரு பாட்டுப் போதும். நெடுங்காலம் மூடிக் கிடந்ததைத் திறக்கப் பதிகம் முழுதும் வேண்டும். வேலையின் இயல்பு அது. அப்பர் முதல் பாட்டிலிருந்தே திறந்துகொண்டிருந்தார் என்றுதான் நான் நினைக்கிறேன். கதவு அசைந்தது கடைசியில். ஒன்பதாம் பாட்டில் நிறுத்தியிருந்தால் எதுவும் நடக்கவில்லை என்றுதான் ஊர் சொல்லியிருக்கும்.

மலம் வெறும் அறியாமைதானே, அறிவு வந்தால் விலகிவிடுமே என்று கேட்கிற மரபும் நம் நாட்டில் உண்டு. கயிற்றைக் கயிறு என்று அறிந்ததும் பாம்பு இல்லாமல் போவதுபோல என்பார்கள். அந்தப் பெரியோர்மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் என் பட்டறையில் இது செல்லாது. துருவைத் துரு என்று முழுதாக அறிந்தும் நட்டு அசைவதில்லை. ஆகமங்கள் மலத்தைப் பொருள் என்றே கொள்கின்றன. கண்ணில் படலம் விழுந்தவனுக்கு, படலம் விழுந்திருக்கிறது என்ற அறிவு பார்வையைத் தராது. வைத்தியன் கை வைக்க வேண்டும். அதனால்தான் தீக்கை, குரு, கிரியை எல்லாம். நட்டு தன்னைத்தானே கழற்றிக்கொண்ட வரலாறு இல்லை. வெளியிலிருந்து ஒரு கை வேண்டும். அந்தக் கையை அருள் என்கிறோம். இரும்பு உவமை இதற்கு மேல் வராது. இரும்புக்கு விருப்பம் கிடையாது, உயிருக்கு உண்டு. எண்ணெய் ஊறுவதை இரும்பு தடுக்காது. உயிர் தடுக்கும், தடுத்துவிட்டுப் பெருமையும் படும். ஆகவே உயிரின் பங்கு ஊறுவதற்குச் சம்மதிப்பது. கோயில் தொண்டான சரியையும் வழிபாடான கிரியையும் எனக்குப் புரிந்த அளவில் அந்தச் சம்மதம்தான். அப்பர் கையில் உழவாரத்தோடு கோயில் பிராகாரத்தில் புல் செதுக்கிக்கொண்டே இருந்தது அதற்காகத்தான்.

இனி அந்த அம்மாவின் கேள்வி. கழற்றிய பாகங்களை எவ்வளவு தேய்த்தாலும் துரு முழுதாகப் போவதில்லை. குழிகளின் ஆழத்தில் கறையாக நிற்கும். அதையும் எடுத்தே தீருவேன் என்று உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே போனால் இரும்புதான் தேயும். கடைசியில் துருவும் இருக்காது, பாகமும் இருக்காது. நான் செய்வது கடுக்காய். கடுக்காயை நசுக்கி ஊறவைத்த தண்ணீரைத் தூரிகையில் தொட்டுப் பூசினால், செம்பழுப்பாக இருந்த கறை கண்ணெதிரே கருநீலமாகி, மாலைக்குள் கறுத்துவிடும். கடுக்காயின் துவர்ப்புச் சத்து துருவோடு கூடி வேறொரு பொருளாகிறது. கலம்காரித் துணிக்குக் கறுப்புக் கொடுப்பதும் இதே கூட்டுதான். அந்தக் கறுப்பு பொடியாக உதிராது, பெருக்காது, பக்கத்து மரையை நெரிக்காது. மேலே எண்ணெய் பூசி வைத்தால் இரும்போடு ஒட்டி அமைதியாக இருக்கும். இரும்பு அங்கேயே இருக்கிறது, ஆக்சிஜனும் அங்கேயே இருக்கிறது, கெட்டது அதன் வலு.

டெல்லியில் மெஹ்ரோலியில் நிற்கும் இரும்புத் தூணுக்கு ஏறத்தாழ 1600 வயது. 7 மீட்டருக்கு மேல் உயரம், 6 டன்னுக்கு மேல் எடை. அது துருவே ஏறாத இரும்பு என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் ஆராய்ந்து சொன்னது வேறு. அந்த இரும்பில் பாஸ்பரஸ் மிகுதி. அதனால் மேலே ஏறிய துருவே மெல்லிய, இறுகிய படலமாகி அடியில் உள்ள இரும்பைக் காக்கிறது. துரு நீங்கியதால் அந்தத் தூண் நிற்கவில்லை. துரு அடங்கியதால் நிற்கிறது. முத்தியிலும் மலம் உண்டு, மறைக்கும் சக்தி மட்டும் இல்லை என்று சித்தாந்தம் சொல்வதற்கு இதைவிடப் பெரிய சாட்சியை நான் இரும்பில் கண்டதில்லை. ஆகவே, அம்மா, இத்தனை பாடும் வீண் அல்ல. ஆணவம் அடியோடு போனால்தான் விடுதலை என்று காத்திருந்தால் யாருக்கும் விடுதலை இல்லை. உள்ளிருந்தும் நம்மை இயக்காத ஆணவம் போதும். கோபக்காரராக இருந்த பெரியவர் வயதான காலத்தில், கோபம் முகத்தில் வந்து எட்டிப்பார்த்துவிட்டு ஒன்றும் செய்யாமல் போவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

மாமாவின் புல்லட்டில் சக்கரம் சுற்றுகிறது. எஞ்ஜினும் உயிர் பெற்றுவிட்டது. உங்கள் வீட்டுச் சார்ப்பிலோ மாட்டுக்கொட்டகையிலோ அப்பா காலத்து வண்டி ஒன்று இறுகி நின்றால், ஆசையில் கிக்கரை மிதித்துவிடாதீர்கள். பழைய இரும்புக்கும் போடாதீர்கள். பிளக்கைக் கழற்றி டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றி, ஓட்டையைத் துணியால் அடைத்து வையுங்கள். ஈர்க்குச்சியில் மட்டம் இறங்கியது தெரிந்த பிறகு ஒரு நல்ல மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.